பிதுக்குப் பருப்பு

பிதுக்குப் பருப்பு என்பது பச்சை மொச்சை விதைகளை நீரில் ஊறவைத்து, விரல்களால் பிதுக்கித் தோலை நீக்கிப் பெறப்படும் பருப்பு ஆகும். இது பிதுக்கம் பருப்பு எனவும் அழைக்கப்படுகின்றது. தமிழ்நாட்டின் வட மாவட்டங்களிலும், அவற்றை ஒட்டிய ஆந்திரப் பிரதேச, கருநாடகப் பகுதிகளிலும் இது பனிக்கால உணவாக விரும்பி உண்ணப்படுகின்றது. குழம்பு, கூட்டு, சுண்டல், வடை, வறுவல் என இதனைப் பலவிதமாகச் சமைக்கலாம்.

பெயர்

பிதுக்குதல் என்னும் வினையிலிருந்து இப்பெயர் தோன்றியது. தெலுங்கில் பிதிகின பப்பு என்றும், கன்னடத்தில் ஹிதுகித பேளெ என்றும் வழங்கும் பெயர்களுக்கும் 'பிதுக்கிய பருப்பு' என்பதே பொருள். பால் ஹாலு எனவும், பத்து ஹத்து எனவும் கன்னடத்தில் மாறியது போலவே இங்கும் முதலெழுத்தான பகரம் ஹகரமாகியுள்ளது. சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில் மாநில எல்லையை ஒட்டி அமைந்துள்ள ஆரம்பாக்கம் போன்ற ஊர்களில் தமிழும் தெலுங்கும் அருகருகே புழங்குகின்றன. இத்தகைய எல்லைப் பகுதிகளில் ஒரே உணவு இரு மொழிப் பெயர்களாலும் அறியப்படுவது இயல்பு.

தாவரம்

மொச்சையும், காயாகச் சமைக்கப்படும் அவரையும் லேப்லேப் பர்ப்யூரியசு என்னும் ஒரே தாவர இனத்தைச் சேர்ந்தவை. தோல் மென்மையாக இருக்கும் வகைகள் காய்க்காகவும், விதை பருத்து வளரும் வகைகள் மொச்சைக்காகவும் பயிரிடப்படுகின்றன. மரபான வகைகள் பகற்பொழுது குறையும்போது பூப்பவை. எனவே மார்கழி, தை மாதங்களில் பச்சை மொச்சை மிகுதியாகச் சந்தைக்கு வருகின்றது. பகற்பொழுதின் நீளத்தைச் சாராமல் பூக்கும் புதிய வகைகளும் உருவாக்கப்பட்டுள்ளன.

ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் உண்ணப்படும் பாகலா அவரை (விசியா பாபா) வேறொரு தாவரம் ஆகும். தமிழில் இதனையும் சிலர் மொச்சை என எழுதுவதால் குழப்பம் நேர்கின்றது. சீ6பீடீ என்னும் நொதியக் குறைபாடு உடையவர்களுக்குப் பாகலா அவரை சிவப்பணுச் சிதைவை உண்டாக்கக்கூடும். எனவே இவ்விரண்டையும் பெயரளவில் ஒன்றெனக் கொள்ளுதல் ஆகாது.

பிதுக்கும் முறை

நன்கு முற்றிய, ஆனால் காயாத பச்சைக் காய்களை உரித்து விதைகளை எடுக்க வேண்டும். இளம் விதைகள் பிதுக்கும்போது நசுங்கிவிடும். விதைகளை மூழ்கும் அளவு நீரில் இரவு முழுவதும் ஊறவைக்க வேண்டும். நீர் புளித்து வாடை வராமலிருக்க இடையே ஒருமுறை நீரை மாற்றுவது நல்லது. ஊறிய விதையைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து ஒரு முனையில் அழுத்தினால், பருப்பு தோலிலிருந்து வழுக்கி வெளிவரும். தோல்கள் கால்நடைகளுக்குத் தீவனமாகும்.

இவ்வேலைக்கு நேரம் மிகுதியாகத் தேவைப்படுகின்றது. ஒரு குடும்பத்திற்கு வேண்டிய அளவைப் பிதுக்க ஒருவருக்கு ஒரு மணி நேரத்திற்கும் மேல் ஆகலாம். எனவே வீட்டிலுள்ளோர் சேர்ந்தமர்ந்து பிதுக்குவது வழக்கம். நகரச் சந்தைகளில் பிதுக்கிய பருப்பும் விற்பனைக்குக் கிடைக்கின்றது. பிதுக்கிய பருப்பு விரைவில் கெடுமாதலால் அன்றே சமைக்க வேண்டும், அல்லது உறைநிலையில் வைக்க வேண்டும்.

தோலை நீக்குவதால் துவர்ப்பைத் தரும் தானின்களின் பெரும்பகுதி நீங்குகின்றது, வேகும் நேரமும் குறைகின்றது. அதே வேளையில் தோலிலுள்ள நார்ச்சத்து இழக்கப்படுகின்றது.

பிதுக்குப் பருப்புக் குழம்பு

தேவையான பொருட்கள்: பிதுக்கிய பருப்பு 2 கிண்ணம், சின்ன வெங்காயம் 15, தக்காளி 2, கத்திரிக்காய் 3, பூண்டு 6 பல், இஞ்சி சிறு துண்டு, மிளகாய்த்தூள் 2 தேக்கரண்டி, மல்லித்தூள் 3 தேக்கரண்டி, மஞ்சள்தூள் சிறிதளவு, தேங்காய்த் துருவல் அரைக் கிண்ணம், புளி சிறு நெல்லிக்காய் அளவு, பட்டை, கிராம்பு, எண்ணெய், கடுகு, கறிவேப்பிலை, உப்பு.

செய்முறை: பருப்பை மஞ்சள்தூளுடன் நீரில் வேகவைக்கவும். இஞ்சி, பூண்டு, பட்டை, கிராம்பு, தேங்காய் ஆகியவற்றை விழுதாக அரைத்துக்கொள்ளவும். எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து வெங்காயம், தக்காளி, கத்திரிக்காய் ஆகியவற்றை வதக்கவும். அரைத்த விழுதையும் தூள்களையும் சேர்த்துப் பச்சை வாடை போக வதக்கிய பின், வெந்த பருப்பை நீருடன் சேர்த்துக் கொதிக்கவிடவும். பருப்பு மென்மையானதை உறுதி செய்துகொண்டு, இறுதியாகவே உப்பும் புளிக்கரைசலும் சேர்க்க வேண்டும். புளியை முன்னதாகச் சேர்த்தால் அதன் அமிலம் பருப்பை இளகவிடாது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீரிலும் பயறுகள் எளிதில் வேகா. சமையல் சோடா சேர்த்தால் விரைவில் வெந்துவிடும், ஆயினும் உயிர்ச்சத்து பி1 அழிந்துவிடும்.

பிற சமையல் வகைகள்

கருவாட்டுக் குழம்பு: மொச்சை, கத்திரிக்காய், கருவாடு ஆகிய மூன்றும் சேர்ந்த புளிக்குழம்பு தமிழகத்தில் பரவலாக அறியப்பட்டது. பருப்பு முக்கால் பங்கு வெந்தபின் சுடுநீரில் கழுவிய கருவாட்டைச் சேர்ப்பர். கருவாட்டில் உப்பு இருப்பதால் தனியே உப்பிடுவதில் கவனம் தேவை.

வடை: பிதுக்கிய பருப்பை நீர்விடாமல் கொரகொரப்பாக அரைத்து, வெங்காயம், பச்சை மிளகாய், சோம்பு சேர்த்துத் தட்டி எண்ணெயில் பொரிக்கலாம்.

வறுவல்: பருப்பைத் துணியில் பரப்பி ஈரம் உலர்த்தி, எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவலாம். ஈரம் இருந்தால் எண்ணெய் தெறிக்கும்.

உப்புமா, சோறு: வெந்த பருப்பை ரவை உப்புமாவிலும், தக்காளிச் சோற்றிலும் சேர்ப்பதுண்டு.

பொங்கல் குழம்பு: தைப்பொங்கலன்று பரங்கிக்காய், சருக்கரைவள்ளிக் கிழங்கு, சேனை, வாழைக்காய் முதலியவற்றுடன் மொச்சையும் சேர்த்துப் பலகாய்க் குழம்பு வைக்கும் வழக்கம் உள்ளது.

பெங்களூரில் குளிர்காலத்தில் அவரைக்காய்த் திருவிழா நடைபெறுவதுண்டு. அங்கு மொச்சை சேர்த்த தோசை முதல் சிலேபி வரை செய்து விற்கப்படுகின்றன. அந்நகரின் பெயரே வேகவைத்த அவரையிலிருந்து வந்ததாக, 12ஆம் நூற்றாண்டு ஒய்சள மன்னன் வீரவல்லாளனைத் தொடர்புபடுத்திய கதை ஒன்று வழங்குகின்றது. ஆயினும் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பேகூர்க் கல்வெட்டிலேயே பெங்களூரு என்னும் பெயர் காணப்படுவதால் இக்கதை வரலாற்றுக்குப் பொருந்தாது.

ஊட்டச்சத்து

காய்ந்த மொச்சையில் 100 கிராமுக்குச் சுமார் 24 கிராம் புரதம் உள்ளது. பச்சை விதையில் நீர் மிகுதியாதலால் இவ்வளவு குறையும். பயறுகளில் லைசின் என்னும் அமினோ அமிலம் மிகுந்தும், மெத்தியோனின் குறைந்தும் காணப்படும். அரிசியில் இது நேர்மாறாக உள்ளது. எனவே சோறும் மொச்சைக் குழம்பும் சேர்ந்த உணவு, இறைச்சி வாங்க இயலாத வீட்டிலும் நிறைவான புரதத்தை அளிக்கின்றது.

மொச்சை உண்டால் வாயு உண்டாவதற்கு இராஃபினோசு, இசுடாக்கியோசு ஆகிய மாச்சத்துகளே காரணம். இவற்றைச் செரிக்கும் நொதியம் மனிதர்களிடம் இல்லாததால், பெருங்குடலில் நுண்ணுயிர்கள் இவற்றை நொதிக்கச் செய்து வளிமங்களை வெளியிடுகின்றன. ஊறவைத்த நீரைக் கொட்டிவிடுவதால் இது ஓரளவு குறையும். பெருங்காயம், இஞ்சி, பூண்டு ஆகியவற்றைச் சேர்ப்பது மரபு.

கவனிக்க வேண்டியவை

மொச்சை விதைகளில் சயனைடை வெளியிடும் கிளைக்கோசைடுகளும், புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருட்களும் உள்ளன. இவற்றின் அளவு வகைக்கு வகை மாறுபடும். முற்றிக் காய்ந்த விதைகளை ஊறவைத்து, அந்நீரைக் கொட்டி, புதிய நீரில் நன்கு கொதிக்கவைத்தே உண்ண வேண்டும். பிதுக்கும்போது பருப்பைப் பச்சையாகத் தின்னச் சிறுவர்களை விடலாகாது.

பிதுக்குப் பருப்பு கிடைக்காத மாதங்களில் இதே குழம்பைச் சிவப்பு இராச்மா கொண்டு செய்வோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். சரியாக வேகாத இராச்மாவிலுள்ள ஒருவகை இலெக்டின், உண்ட சில மணி நேரத்தில் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். நான்கைந்து பச்சை விதைகளே இதற்குப் போதும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, நீரை மாற்றி, 30 நிமிடம் கொதிக்கவைத்தால் இந்நச்சு அழிந்துவிடும். கொதிநிலையை எட்டாத மெல்லிய சூட்டில் நெடுநேரம் வைப்பது இந்நச்சை அழிப்பதில்லை.