மயிலாப்பூரிலிருந்து குல்மார்க்குக்கு

பனிச்சறுக்கெல்லாம் வெளிநாட்டுக்காரர்களுக்கும் சினிமாக்காரர்களுக்கும்தான் என்று எங்கள் மாடவீதியில் பலர் இன்னும் நினைக்கிறார்கள். ஆனால் பனிச்சறுக்குத் தலமான காஷ்மீரின் குல்மார்க், ஸ்ரீநகர் விமான நிலையத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சுற்றளவுக்குள்தான் இருக்கிறது. டிசம்பர் பாதியிலேயே பனி விழத் தொடங்கினாலும் பிப்ரவரியில் போங்கள் என்பேன். அப்போதுதான் சரிவுகளில் பனி கனமாகப் படிந்திருக்கும்.

தயாரிப்பை பெசன்ட் நகர் கடற்கரையில் தொடங்குங்கள். சறுக்கும்போது முழங்கால் மடங்கியே இருக்கும், பாரமெல்லாம் தொடைக்குத்தான். இரண்டு மாதம் மணலில் நடந்து, மாடிப்படி ஏறி இறங்கினால் கால் தாங்கும்.

தி.நகரில் துணி எடுக்கும்போது பருத்தி பனியனை மறந்துவிடுங்கள். அது வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடக்கும். அந்த ஈரம்தான் உடம்பை நடுங்க வைக்கும். உள்ளே தெர்மல், நடுவே கம்பளி, மேலே நீர் புகாத ஜாக்கெட். சறுக்குப் பலகையும் பூட்ஸும் குல்மார்க்கிலேயே வாடகைக்குக் கிடைக்கும். பனி வெயிலைத் திருப்பியடிக்கும் என்பதால் கறுப்புக் கண்ணாடி கட்டாயம். பிற மாநில ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது. போஸ்ட்பெய்ட் எண் ஒன்று வைத்திருங்கள்.

முதலில் கற்க வேண்டியது நிற்பது எப்படி என்பது: பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்பக்கத்தை அகட்டினால் வேகம் குறையும். கீழ்ச்சரிவிலேயே இதைப் பழகுங்கள். கோண்டோலா எனும் கேபிள் கார் 3,900 மீட்டருக்கும் மேலே, அஃபர்வத் மலைக்கு ஏற்றிச் செல்லும். அங்கே 2023 பிப்ரவரியில் பனிச்சரிவில் இரண்டு போலந்து பனிச்சறுக்கு வீரர்கள் இறந்தார்கள். பயிற்சியாளர் இல்லாமல், எல்லைக்கயிற்றைத் தாண்டி ஓர் அடிகூடப் போகாதீர்கள்.