நாள்காட்டியில் இல்லாத புனிதை
(தொடர் – 11)

மைசூர் மறைமாவட்டத்தில் மைசூர், மண்டியா, குடகு, சாமராஜநகர் ஆகிய நான்கு மாவட்டங்கள் அடங்கும். சாமராஜநகரைச் சேர்ந்த கொள்ளேகால் பகுதி 1956 வரை நம் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அங்குள்ள மார்ட்டள்ளியில் இன்றும் தமிழ் பேசும் கத்தோலிக்கர் நிறைந்திருக்கிறார்கள். இந்த மறைமாவட்டத்தின் பழமைப் பற்றை அறிய லத்தீன் பூசையைத் தேடிப் போக வேண்டாம். மைசூர் நகரில் ஒரு கல்லூரியின் பெயர்ப் பலகையே சொல்லிவிடும்: புனித பிலோமினாள் கல்லூரி.

1802இல் ரோமில், பிரிசில்லா சுரங்கக் கல்லறையில் ஓர் இளம்பெண்ணின் எலும்புகள் கிடைத்தன. கல்லறையை மூடியிருந்த மூன்று ஓடுகளின் எழுத்துகளை வரிசை மாற்றிப் படித்து, அவள் பிலோமினாள் என்றார்கள். எலும்புகள் நேப்பிள்ஸ் அருகிலுள்ள முஞ்ஞானோவுக்குப் போயின. குணமடைந்தவர்களின் கதைகள் பரவின. பிரான்சில் ஆர்ஸ் பங்கின் குருவான ஜான் மரிய வியான்னி அவளுடைய பெரும் பக்தர். 1837இல் திருத்தந்தை பதினாறாம் கிரகோரி அவள் திருநாளுக்கு அனுமதி தந்தார்.

மைசூருக்கு அவளுடைய திருப்பண்டத்தை வரவழைத்தவர், நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் செயலாளர் தம்பு செட்டி. 1933இல் அவள் பெயர் தாங்கிய பேராலயத்துக்கு மன்னரே அடிக்கல் நாட்டினார். 175 அடி உயர இரட்டைக் கோபுரங்கள் எழுந்தன. 1946இல் ஆயர் ரெனே ஃபியூகா தொடங்கிய கல்லூரியும் அவள் பெயரையே ஏற்றது.

அதன்பின் பதினைந்து ஆண்டுகளில், 1961 பிப்ரவரியில், எல்லாத் திருவழிபாட்டு நாள்காட்டிகளிலிருந்தும் அவள் திருநாளை நீக்கும்படி ரோம் உத்தரவிட்டது. அந்த ஓடுகள் வேறொரு கல்லறைக்குச் செய்யப்பட்டு, பிறகு இங்கே மறுபடி பயன்பட்டவை என்று தொல்லியல் அறிஞர்கள் அதற்கு வெகு காலம் முன்பே வாதிட்டிருந்தார்கள். தனிப்பட்ட பக்தியை ரோம் தடுக்கவில்லை. மேலை நாடுகளின் மரபுப் பற்றாளர்கள் பலர் அன்றிலிருந்து அவளை இன்னும் இறுகப் பற்றிக்கொண்டார்கள்.

மைசூரில் பேராலயமும் பெயரை மாற்றவில்லை, கல்லூரியும் மாற்றவில்லை. இதில் கல்லூரியின் பங்கே பெரிது என்று நினைக்கிறேன். கோயிலின் பெயர் அங்கே மண்டியிடுகிறவர்களுக்குச் சொந்தம். கல்லூரியின் பெயரோ இந்து, முஸ்லிம், சமணப் பிள்ளைகளின் பட்டச் சான்றிதழிலும் ஏறிவிடுகிறது. மறைமாவட்டத்துக்கு வெளியே இத்தனை பேர் சுமக்கும் பெயரை எந்த ஆயரும் எளிதில் மாற்றிவிட முடியாது. மரபைக் காக்க இங்கே யாரும் கொடி பிடிக்க வேண்டியிருக்கவில்லை. சேர்க்கைப் பதிவேடே அந்த வேலையைச் செய்தது.

பெயர் இருக்கட்டும். ஆனால் கல்லூரி என்பது வரலாறு கற்பிக்கும் இடமும்தான். ஓடுகளின் கதையையும் 1961இன் உத்தரவையும் மறைக்காமல் மாணவர்களுக்குச் சொல்வதால் எந்த விசுவாசமும் குறைந்துவிடாது. மறைத்து வளர்க்கும் பக்திதான் முதல் கேள்வியிலேயே ஆட்டம் காணும்.

சாமராஜநகர்ப் பங்குகளிலிருந்து அங்கே படிக்கப் போன வாசகர்களே, உங்கள் வீட்டில் பிலோமினாளுக்குச் சொல்லிவந்த செபங்கள் இருந்தால் எழுதி அனுப்புங்கள். பாட்டிமார் நினைவில் மட்டும் இருப்பவற்றை முதலில் எழுதிவிடுங்கள்.