சாவிப்பலகை ஆளியின் பாகங்கள்

பொறிமுறைச் சாவிப்பலகையில் ஒவ்வொரு சாவியின் கீழும் தனித்தனி ஆளி உண்டு. செரி எம்எக்ஸ் ஆளியை உதாரணமாகக் கொண்டு பாகங்களை அறிந்துகொள்வோம்.

1. சாவி மூடி: எழுத்துள்ள, விரல் படும் பிளாத்திக்குப் பகுதி. கழற்றி மாற்றலாம்.
2. தண்டு: மூடியைத் தாங்கி மேலும் கீழும் அசைவது. தலை சிலுவை வடிவானது.
3. விற்சுருள்: இறங்கிய தண்டை மீண்டும் மேலே தள்ளுவது.
4. தொடுகைத் தகடுகள்: சுற்றை மூடும் உலோகத் தகடுகள்.
5. உறை: மேல், கீழ் என இரு பகுதிகளாலானது. தண்டு, விற்சுருள், தகடுகள் இதனுள் அமையும்.

தொழிற்பாடு: சாவி அமுக்கப்படாதபோது தண்டின் முனைப்பு தகடுகளை விலக்கி வைத்திருக்கும். தண்டு இறங்கும்போது தகடுகள் ஒன்றையொன்று தொட, சுற்று பூர்த்தியாகும்.

கவனிக்க: சாவியை அடிவரை அமுக்கினால்தான் எழுத்துப் பதிவாகும் என எழுதுவது பிழை. சிவப்புத் தண்டு வகையில் முழு அசைவு 4 மி.மீ.; சுற்று மூடுவதோ 2 மி.மீ. அளவிலாகும்.

வினா: ஒரு சாவி நன்கு அமுங்கி மேலெழுகின்றது, எழுத்து மட்டும் தோன்றவில்லை. ஆளியில் எப்பாகத்தை முதலில் ஐயுறுவீர்?

விடை: தொடுகைத் தகடுகள். சாவி மேலெழுவதால் விற்சுருளில் பழுதில்லை. காரணத்தையும் சேர்த்தே எழுதுக.