காணி உறுதியோடு ஒரு திறப்பு

வன்னியில் பெரும்பாலான வீடுகளில், அலுமாரியின் மேல்தட்டிலோ பெட்டகத்தின் அடியிலோ, கழுத்து இறுகக் கட்டப்பட்ட ஒரு சொப்பிங் பை இருக்கும். காணி உறுதி, பிறப்பத்தாட்சிப் பத்திரம், குடும்ப அட்டை, பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு ஆகியவற்றைத் தாங்கிய அந்தப் பைதான், 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் போரினால் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்ட சனங்கள், தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று இடம்பெயர்ந்து, பாத்திரத்தையும் பாயையும் வழிநெடுகக் கைவிட்டபோதும் நெஞ்சோடு அணைத்துச் சென்ற பொருள். அந்தப் பை தவறிப்போன குடும்பங்கள், தம் பெயரையும் தம் நிலத்தையும் தமதென்று நிரூபிப்பதற்காகப் பின்னர் பிரதேச செயலகத்துக்கு எத்தனை தரம் நடந்தன என்பதைக் கண்டவன் நான்.

அண்மையில் என்னுடைய பழைய மாணவி ஒருத்தி, தன் அம்மம்மா சொன்ன இரணைமடுக் குளத்துக் கதைகளை மூன்று அப்பியாசக் கொப்பிகளில் எழுதி வைத்திருப்பவள், கைத்தொலைபேசியை என் முன் நீட்டி, "இதில எழுதினால் காசு வருமாம், உண்மையோ சேர்?" என்று கேட்டாள். அவள் காட்டியது, எழுதுவோருக்குக் கிரிப்டோ நாணயத்தில் சன்மானம் வழங்கும் ஸ்டீமிட் என்னும் தளம். "உண்மைதான் பிள்ளை, ஆனால் காசு அதில் இரண்டாவது விஷயம்" என்று சொல்லி, முதலாவது விஷயத்தை விளக்குவதற்கு எனக்கு இரண்டு மாலைப்பொழுதுகள் தேவைப்பட்டன.

இந்தத் தளத்தின் வேர் நாணயத்தில் இல்லை, அழியாத ஒரு பதிவேட்டில் இருக்கிறது. 1991ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வு ஸ்தாபனத்தில் பணிபுரிந்த ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்கொட் ஸ்டோர்னெட்டா என்ற இருவர், கணினியில் எழுதிய ஒரு பத்திரம் இன்ன தேதியில் இவ்வாறுதான் இருந்தது என்பதைப் பிற்காலத்தில் எவரும் இரகசியமாகத் திருத்திவிட இயலாதபடி நிலைநாட்டுவது எவ்வாறு என்று ஆராய்ந்து, ஓர் உபாயத்தை வெளியிட்டனர். எத்தனை பக்கமுள்ள பத்திரமாயினும் அதனை ஒரு கணிதச் சூத்திரத்தில் இட்டால், எப்போதும் ஒரே நீளமுள்ள ஓர் எண்முத்திரை வெளிப்படும். பத்திரத்தில் ஒரு காற்புள்ளி இடம்மாறினாலும் அந்த முத்திரை அடியோடு வேறாகிவிடும். ஒவ்வொரு பத்திரத்தின் முத்திரையையும் கணிக்கும்போது அதற்கு முந்தியதன் முத்திரையையும் உள்ளே சேர்த்துக்கொண்டால், நடுவில் ஒன்றைத் திருத்த நினைப்பவன் அதற்குப் பின்வந்த அத்தனையையும் திருத்தியாக வேண்டும். 1995ஆம் ஆண்டு முதல் அவர்களுடைய சொந்த நிறுவனம் இந்த முத்திரையை வாரந்தோறும் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில், தொலைந்த பொருட்களைப் பற்றிய சிறு அறிவித்தல்களின் நடுவே பிரசுரித்து வந்தது. பத்திரிகையின் இலட்சக்கணக்கான பிரதிகளையும் ஒருவனால் மாற்றிவிட முடியாதல்லவா?

பிட்கொயின் என்னும் கிரிப்டோ நாணயம் 2009ஆம் ஆண்டில், முத்திரைகளை ஒன்றோடொன்று கோத்த இந்தச் சங்கிலியைப் பணக்கணக்குக்குப் பிரயோகித்தது. 2016ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், நெட் ஸ்கொட், டான் லாரிமர் ஆகியோர் தொடக்கிய, ஸ்டீமிட் தளத்துக்கு அடித்தளமான ஸ்டீம் என்னும் ஏடு, பணக்கணக்கோடு மனிதருடைய எழுத்தையும் அதே சங்கிலியில் ஏற்றியது. மூன்று விநாடிக்கு ஒரு தொகுதிப் பதிவுகள் வீதம் வளரும் அந்த ஏட்டின் பிரதிகள் உலகின் பல கணினிகளில் ஒரே சமயத்தில் இருக்கின்றன. ஒருவர் பின்னாளில் தம் கட்டுரையைத் திருத்தினால் திருத்தமே வாசகருக்குத் தெரியும். ஆனால் பழைய வடிவமும் ஏட்டில் எங்கேயோ கிடக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். எழுத்து மட்டுமே ஏட்டில் ஏறும், புகைப்படங்கள் ஏறுவதில்லை. அவை வேறு கணினிகளில் தனியே தங்குவதால், பிற்காலத்தில் மறைந்தும் போகலாம்.

புதிய தொகுதியை ஏட்டில் எழுதும் அதிகாரம் யாருக்கு? இரணைமடுக் குளத்து நீரைச் சிறுபோகத்துக்குப் பங்கிடுமுன் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தை அறிந்த கமக்காரருக்கு இதனை விளங்கிக்கொள்வது கடினமன்று. குளத்தில் இத்தனை அடி நீர் உண்டு, இத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கமக்காரர் அமைப்புகளின் பிரதிநிதிகள் கூடித் தீர்மானிப்பதைப் போல, ஸ்டீம் ஏட்டிலும் அங்கத்தவர்கள் வாக்களித்துச் சிலரைத் தெரிவுசெய்கிறார்கள். அவர்களுக்குச் சாட்சிகள் என்று பெயர். ஒவ்வொரு சுற்றிலும் 21 சாட்சிகள் முறைவைத்துத் தொகுதிகளை எழுதுகிறார்கள். அவர்களுள் 20 பேர் அதிக வாக்குப் பெற்றவர்கள், மற்றவர் வரிசையில் பின்னால் நிற்போரிலிருந்து மாறிமாறி வருபவர். ஆனால் ஒரு பேதம் உண்டு, அதை மறைத்துவிட்டு இதனைப் புகழ்வது நேர்மையாகாது. இங்கே தலைக்கு ஒரு வாக்கு என்ற நியாயம் இல்லை. எவரிடம் நாணயம் அதிகமாகப் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறதோ அவருடைய வாக்குக்கே கனம் அதிகம். நூறு ஏக்கர்க்காரர் கையை உயர்த்தினால் நூறு கை உயர்ந்ததாகக் கணக்கிடும் ஒரு கூட்டத்தை மனத்தில் கண்டுகொள்ளுங்கள்.

இதன் விளைவு 2020ஆம் ஆண்டில் வெட்டவெளிச்சமாயிற்று. பெப்ரவரியில், டிரோன் என்னும் நாணய ஸ்தாபனத்தின் தலைவர் ஜஸ்டின் சன், ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கினார். அந்நிறுவனத்திடம் ஆரம்பம் முதலே குவிந்திருந்த நாணயம் அவருக்கு வாக்குப்பலமாக மாறிவிடும் என்று அஞ்சிய சாட்சிகள் அதை முடக்கினர். மார்ச் 2ஆம் தேதி, பைனான்ஸ், ஹுவோபி, பொலோனியெக்ஸ் ஆகிய நாணயச் சந்தைகளில் வாடிக்கையாளர் வைப்பிலிட்டிருந்த நாணயங்களைக் கொண்டும் அவருக்குச் சார்பானோருக்கு வாக்களிக்கப்பட, பழைய சாட்சிகள் ஒரே நாளில் பதவியிழந்தனர். ஆயினும் ஏட்டின் பிரதி பலர் கையிலும் இருந்தது. அதிருப்தியுற்றோர் அதே மாதம் 20ஆம் தேதி, அதுவரை எழுதப்பட்ட அனைத்தையும் பிரதிபண்ணிக்கொண்டு, அந்நிறுவனத்தின் பங்கை விலக்கிவிட்டு, ஹைவ் என்ற புதிய ஏட்டைத் தொடக்கினார்கள். ஹைவ் என்றால் தேன்கூடு. இடத்தை விட்டு எழும்பினாலும் எழுதியதை விட்டுவிட்டு எழும்பவில்லை என்ற அந்த ஒரு செய்தி, வன்னியில் வாழ்ந்த என்னை வேறு எந்தத் தொழில்நுட்ப அற்புதத்தைக் காட்டிலும் அதிகமாக உலுக்கியது.

காசைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாசகரோ விளம்பரதாரரோ நேரே கொடுப்பதன்று இந்தச் சன்மானம். ஏடு தானே புதிய நாணயத்தை உற்பத்தி செய்கிறது. 2016ஆம் ஆண்டின் இறுதியில் வருஷத்துக்கு 9.5 சதவீதம் என்று நிர்ணயித்து, பின் படிப்படியாகக் குறையுமாறு அமைத்த அந்த உற்பத்தியில், பின்னாளில் 65 சதவீதம் எழுதுவோருக்கும், கட்டுரைகளுக்கு வாக்களிப்போருக்கும் உரியதாயிற்று. கட்டுரை வெளியாகி ஏழு நாட்களின் பின் கணக்கு முடிக்கப்படும். 2019 ஓகஸ்ட் முதல் அதில் பாதி எழுதியவருக்கு, பாதி வாக்களித்தவர்களுக்கு. ஆனால் நாணயத்தின் விலை ஒரு நிலையில் நிற்பதன்று. 2018 ஜனவரியில் ஏறத்தாழ 8 டொலராக இருந்த ஒரு ஸ்டீம் நாணயம், அந்த வருஷம் முடியுமுன் அரை டொலருக்கும் கீழே வீழ்ந்தது. நாட்டின் பணம் மதிப்பிழந்த காலத்தில் வெனிசுவேலா மக்களுக்கு இந்தச் சிறு வருமானமும் உதவியது மெய்யே. எனினும் கனமான வாக்குடையோர் பெரும்பாலும் தமிழ் வாசிக்காத ஓரிடத்தில், தமிழில் எழுதும் புதியவருக்கு முதல் மாதங்களில் கிடைப்பது சில சதமாகவே இருக்கும் என்பது என் அபிப்பிராயம். மாணவியிடமும் அதையே சொன்னேன்.

சட்டத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். இலங்கை மத்திய வங்கி 2018, 2021, 2022ஆம் ஆண்டுகளில் விடுத்த அறிவித்தல்களில், மெய்நிகர் நாணயங்களின் ஆபத்தை எடுத்துக்காட்டி, இத்தகைய திட்டங்களை நடத்த எவருக்கும் தான் அனுமதி வழங்கவில்லை என்றும், வங்கி அட்டைகளைக் கொண்டு அவற்றை வாங்க அந்நியச் செலாவணி விதிகள் இடங்கொடுப்பதில்லை என்றும் கூறியது. எழுதுவதற்குக் காசு கட்டவேண்டியதில்லை. ஆகவே, "முதலில் ஐயாயிரம் போடு, பிறகு அள்ளலாம்" என்று வருகிறவன் எவனாயினும் அவனுக்குக் கதவைச் சாத்திவிட வேண்டும்.

கணக்குத் திறந்த பின் புதியவரைத் தடுமாறச் செய்வது, எவ்வளவு எழுதலாம் என்ற வரையறை. நீளத்துக்கேற்ப ஒவ்வொரு கட்டுரையும் கணக்கிலுள்ள ஒரு சக்தியைச் செலவழிக்கிறது. அது மெல்ல மெல்ல மீளும். கணினி ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் இடம் ஒதுக்கினால், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் ஒதுக்குகிறது. 'கி' என்பதோ க எனவும் இகரக் குறியெனவும் இரண்டு குறிகள். ஆங்கிலத்தில் 11 பைட்டில் அடங்கும் கிளிநொச்சி, தமிழில் 30 பைட்டைக் கேட்கிறது. ஆகவே ஆரம்பத்தில் சிறு பகுதிகளாக எழுதுதல் நன்று.

அவள் முதற் பகுதியாகத் தெரிந்தெடுத்தது, குளம் வான்பாய்ந்த ஒரு மாரியைப் பற்றி அம்மம்மா சொன்ன கதை. அதில் அயல்வீட்டுக் குடும்பமொன்றின் பெயரும், அவர்களுடைய பழைய பிணக்கொன்றும் வந்தன. கொப்பியில் கிடக்கும்வரை கிழிக்கலாம், அழியா ஏட்டில் ஏறிய பின் அம்மக்களே வந்து வேண்டினாலும் நீக்க முடியாது என்று நான் சொன்னதும், அவள் சற்று நேரம் பேசாதிருந்து, பின் அந்த வரிகளை விலக்கினாள்.

எஞ்சியது திறப்பு. கணக்கைத் திறக்கும்போது கணினி தரும் கடவுச்சொல், ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து 50க்கும் மேற்பட்ட குறிகளால் ஆனது. அதிலிருந்து நான்கு திறப்புகள் பிறக்கின்றன. தினமும் எழுதுவதற்கு உள்ள திறப்பைக் களவாடியவன் நம் பெயரில் எழுதலாமேயன்றி நாணயத்தைத் தொட முடியாது. காசை நகர்த்துவதற்கு வேறொன்று, இரகசியக் குறிப்புகளுக்கு இன்னொன்று, உரிமையை நிலைநாட்ட எல்லாவற்றுக்கும் மேலான ஒன்று. அடிப்படைக் கடவுச்சொல் தொலைந்தால் புதியதொன்று வழங்க எந்த அலுவலகமும் இல்லை. இக்குறிகளைக் கையால் எழுதும் மனிதனின் கண் தடுமாறும் என்று முன்கூட்டியே நினைத்தவர்கள், சுழியத்தையும், அதை ஒத்த பெரிய ஓ எழுத்தையும், ஒன்றோடொன்று மயங்கும் பெரிய ஐ, சிறிய எல் ஆகியவற்றையும் திறப்பின் எழுத்துக்களில் இடம்பெறாதபடி நீக்கிவிட்டார்கள்.

கொப்பியிலிருந்து கிழித்த ஒற்றையில், பெரிய எழுத்துக்குக் கீழே கோடிட்டு, அவள் குறி குறியாக எழுதினாள். நான் வாசிக்க, அவள் சரிபார்த்தாள். பின் அவள் வாசிக்க, நான் சரிபார்த்தேன். இரண்டாம் பிரதியும் எழுதி முடிந்ததும் வீட்டுக்குள் சென்று, தாயாரைக் கேட்டு, அலுமாரியின் மேல்தட்டிலிருந்து அந்தப் பையை இறக்கி வந்தாள். பையின் முடிச்சு பழைய முடிச்சு, விரலால் அவிழ்க்கச் சற்று நேரமாயிற்று. தாயார் காணி உறுதியை வெளியே எடுத்துப் பிடித்திருக்க, மடித்த கடதாசியை அவள் அதனுள்ளே செருகினாள்.