மூளையை அளக்க மண்டையோட்டையும் அளக்க வேண்டும்

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் மரத்தடியில் மழைமானியை வையுங்கள். பெய்த மழை முழுவதும் அதில் விழாது. ஒரு பங்கை இலைகள் தடுத்துவிடும். உண்மையான மழையளவு வேண்டுமென்றால், இலைகள் எவ்வளவு தடுத்தன என்பதும் தெரிய வேண்டும். மூளையைப் படமெடுக்கும்போதும் இதே சிக்கல்தான். அங்கே கதிர்களைத் தடுப்பவை தலையின் திசுக்களும் மண்டையோடும்.

மூளை குளுக்கோஸை எரித்து இயங்குகிறது. ‘பெட்’ சோதனையில், ஃபுளோரின்-18 என்னும் கதிரியக்க அணு சேர்ந்த, குளுக்கோஸ் போன்ற ஒரு பொருளைச் சிறிதளவு ஊசிவழி செலுத்துவார்கள். ஃபுளோரின்-18இன் அரை ஆயுள் ஏறத்தாழ 110 நிமிடம். அது வெளியிடும் பாசிட்ரான் ஓர் எலக்ட்ரானைச் சந்தித்ததும் இரண்டும் அழிந்து, இரு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசையில் பாயும். ஒவ்வொன்றின் ஆற்றலும் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட். இரண்டும் ஒரே நேரத்தில் உணரிகளை அடைந்தால்தான் அது கணக்கில் சேரும். தலையின் நடுவே பிறக்கும் இணைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான் அப்படித் தடையின்றி வெளியேறும். தொலைந்ததைக் கணக்கிட்டுச் சேர்த்தாக வேண்டும்.

டேவிட் டவுன்சென்ட், ரொனால்ட் நட் ஆகியோர் உருவாக்கிய பெட்-சிடி கருவியில் இது எளிது. ஊடுகதிர் எலும்பின் அடர்த்தியைக் காட்டிவிடும். பெட்டும் எம்ஆர்ஐயும் இணைந்த கருவி பின்னர் வந்தது. நம் அண்டை நாடான சிங்கப்பூரிலும் அது உள்ளது. எம்ஆர்ஐ மூளையின் மென்திசுக்களை மிகத் தெளிவாகக் காட்டும், ஊடுகதிரும் தேவையில்லை. ஆனால் அது பார்ப்பது நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனை. கெட்டியான எலும்பில் அது குறைவு. கிடைக்கும் சமிக்ஞையும் நொடிப்பொழுதுக்குள் மறைந்துவிடும். அதனால் வழக்கமான படத்தில் எலும்பும் காற்றும் ஒரே கறுப்பாகத் தெரியும்.

தொடக்கக் காலக் கருவிகள் மண்டையோட்டையும் மென்திசுவாகவே கருதிக் கணக்கிட்டன. விளைவு, மூளையின் மேற்புறத்தில் அளவு குறைந்து தெரிந்தது. சில இடங்களில் 10 விழுக்காட்டுக்கும் மேல். அல்சைமர் நோயிலும் மூளையின் மேற்புறத்தில் சில பகுதிகளில் குளுக்கோஸ் பயன்பாடு குறையும். ஒரு பாட்டிக்கு இவ்வாண்டு பெட்-சிடியும் அடுத்த ஆண்டு பெட்-எம்ஆர்ஐயும் எடுத்தால், தெரியும் குறைவு நோயினாலா, கருவியினாலா?

பத்து முறை அளந்து சராசரி கண்டாலும் இந்தப் பிழை போகாது, ஒவ்வொரு முறையும் அது ஒரே பக்கமாகவே சாய்கிறது. எல்லா இடத்தையும் ஒரே எண்ணால் பெருக்கவும் முடியாது. மண்டையோட்டுக்கு அருகே பிழை அதிகம், உள்ளே குறைவு.

தீர்வுகள் இரண்டு வகை. எலும்பின் சமிக்ஞை மறைவதற்குள் அதைப் பதிவுசெய்வது ஒன்று. பலருடைய சிடி, எம்ஆர்ஐ படங்களை ஒப்பிட்டு, இவருடைய மண்டையோடு எப்படி இருக்கும் எனக் கணிப்பது மற்றொன்று. 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 359 பேரின் படங்களில் இத்தகைய 11 முறைகளைச் சோதித்தது. சிறந்த முறைகளின் பிழை, சிடியோடு ஒப்பிடும்போது, சராசரியாக 5 விழுக்காட்டுக்குள் அடங்கியது.

சிந்திக்க: அறுவை சிகிச்சையில் மண்டையோட்டின் ஒரு துண்டு நீக்கப்பட்டவருக்கு, மற்றவர்களின் படங்களைக் கொண்டு கணித்தால் அளவு கூடித் தெரியுமா, குறைந்து தெரியுமா? இலையுதிர்ந்த ரப்பர் மரத்தடியில் மழைமானியை வைத்துப் பாருங்கள், விடை கிடைக்கும்.