வெளியிலிருந்து முடுக்கும் துகள்கள்

"கட்டியைச் சூடேற்றியே கரைக்கிற நானோ மருந்து வந்திருக்காமே டாக்டர், இங்க உண்டா?" கைப்பேசிக் காணொளியைப் பார்த்துவிட்டு இப்படிக் கேட்பவர்கள், மருத்துவக் கல்லூரி இருக்கும் புதுச்சேரிப் பிள்ளையார்குப்பத்திலும் இருப்பார்கள். அந்த அறிவியல் பொய்யில்லை. அது நம்மூரில் அன்றாடச் சிகிச்சையாகக் கிடைப்பதாகச் சொல்வதுதான் பொய்.

தானாக வேலை செய்யாது

கீமோ மருந்து ரத்தத்தில் கலந்ததுமே நல்ல செல்களையும் சேர்த்துப் பதம் பார்க்கும். முடி கொட்டுவதும் வாய் புண்ணாவதும் அதனால்தான். இந்த நானோ துகள்களோ உள்ளே போனபின் சும்மா கிடக்கும். வெளியிலிருந்து காந்தப்புலமோ லேசரோ எக்ஸ் கதிரோ பட்ட இடத்தில் மட்டும் விழிக்கும்.

ஜெர்மனியின் 'நானோதெர்ம்' முறைக்கு 2010இல் ஐரோப்பிய அனுமதி கிடைத்தது. இரும்பு ஆக்சைடு துகள்களை மூளைக் கட்டிக்குள்ளேயே செலுத்தி, நொடிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை திசைமாறும் காந்தப்புலத்தில் நோயாளியைப் படுக்க வைத்தார்கள். துகள்கள் சூடாகும். அந்தச் சூட்டில் புற்றுச்செல் துவண்டுவிடும். உடன் தரும் கதிர்வீச்சும் கூடுதலாகப் பலிக்கும்.

பிரான்சின் நானோபயாடிக்ஸ் நிறுவனம் ஹாஃப்னியம் ஆக்சைடு துகளைக் கட்டியில் செலுத்தி, வழக்கமான கதிர்வீச்சையே அதன்மேல் பாய்ச்சுகிறது. மென்திசுப் புற்றில் நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 8 சதவீதத்தினருக்கும், துகளும் சேர்த்துப் பெற்றவர்களில் 16 சதவீதத்தினருக்கும் கட்டி ஏறக்குறைய முற்றாக அழிந்திருந்தது. இரு மடங்குதான், ஆனால் நூற்றுக்குப் பதினாறு பேரே. நம் பக்கம் முதலில் வரக்கூடியது இந்த வகைதான் என்பது என் கணிப்பு. கோரிமேடு ஜிப்மரில் கதிர்வீச்சுக் கருவி ஏற்கெனவே இருக்கிறதே.

பல் அடைத்த உலோகமும் ஆகாது

காந்தமுறையில் தொல்லைகள் உண்டு. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்குச் செய்ய முடியாது. தலைக்கு அருகில் உலோகம் இருந்தால், பல் அடைத்ததைக்கூட எடுத்துவிட வேண்டும். தங்கிவிடும் இரும்பு, பின்னால் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தைக் கெடுக்கும். லேசர் ஒளியோ தோலுக்குள் ஆழமாக இறங்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டி எங்கே என்று தெரிந்தால்தான் அங்கே குறிவைக்க முடியும். உடலெங்கும் பரவிய நோய்க்கு இது வழியல்ல.

பணம் கேட்டால்

யாராவது 'நானோ சிகிச்சை' என்று லட்சங்கள் கேட்டால், எந்தக் கருவியால் துகளை முடுக்குகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். மாத்திரை, பொடி என்றால் அது இந்தச் சிகிச்சையே அல்ல. "ஆய்வு நடத்துகிறோம்" என்றால், ஐ.சி.எம்.ஆரின் மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யின் பதிவு எண்ணையும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் கேட்கலாம். 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, மருந்து ஆய்வால் பாதிப்பு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் தரவேண்டியது ஆய்வின் புரவலர் (ஸ்பான்சர்) பொறுப்பு. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாங்கிப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். அதுவரை நடக்கிற சிகிச்சையை நிறுத்த வேண்டாம்.