பக்கத்து வீட்டு டிவியில் பார்த்த முடிசூட்டு விழா

இங்கிலாந்தில் இப்போது எழுபத்தைந்து, எண்பது வயதைத் தாண்டியவர்களிடம் "முதன்முதலா டிவி பார்த்தது எப்போ?" என்று கேட்டால், நிறைய பேர் சொல்லும் பதில் ஒன்றுதான்: ராணியின் முடிசூட்டு விழா. 1953 ஜூன் 2, செவ்வாய்க்கிழமை. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இரண்டாம் எலிசபெத்துக்கு முடி சூட்டியதை பிபிசி நேரடியாக ஒளிபரப்பியது.

அப்போது சிறுவர்களாக இருந்தவர்கள் பின்னாளில் எழுதிய நினைவுகளைப் படித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். விழாவைப் பற்றி ரெண்டு வரிதான் இருக்கும். அதைப் பார்த்த அறையைப் பற்றி ஒரு பக்கம் இருக்கும். யார் வீடு, எத்தனை பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள், என்ன சாப்பிடக் கொடுத்தார்கள், தரையில் உட்கார்ந்து கால் எப்படி மரத்துப்போனது, எப்போது வெளியே விளையாட விட்டார்கள், இதெல்லாம் துல்லியமாக இருக்கும். கிரீடம் வைத்த நொடி மட்டும் மங்கலாக இருக்கும்.

குழந்தைங்கன்னா அப்படித்தான் என்று விட்டுவிடலாம். ஆனால் அன்றைய டிவியையும் அன்றைய எண்ணிக்கைகளையும் பார்த்தால் வேறு காரணங்களும் தெரிகின்றன.

பிரிட்டனில் அன்று விழாவை டிவியில் பார்த்தவர்கள் சுமார் 2 கோடி பேர் என்பது பிபிசியின் மதிப்பீடு. நாட்டில் இருந்த டிவி பெட்டிகளோ 27 லட்சம் அளவுக்குத்தான். சராசரியாக ஒரு பெட்டிக்கு ஏழெட்டு பேர். இதில் சொந்த வீட்டில் பார்த்தவர்கள் சுமார் 78 லட்சம். உறவினர், நண்பர், அக்கம்பக்கத்தார் வீடுகளில் பார்த்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல். மிச்சம் பேர் சினிமா கொட்டகை, மதுக்கடை, பொது மண்டபம் என்று போய்ப் பார்த்தார்கள். ஆக, பாதிக்கும் மேற்பட்டவர்கள் அடுத்தவர் வீட்டில் விருந்தாளிகளாக உட்கார்ந்துதான் ராணியைப் பார்த்திருக்கிறார்கள். வழக்கமாக உள்ளே கூப்பிடாத பக்கத்து வீட்டுக்காரர் அன்று கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். ஒரு ஆறு வயதுக் குழந்தைக்கு அதுவே பெரிய சம்பவம்தானே!

அடுத்தது அந்தப் பெட்டி. மரப் பெட்டிக்குள் 9 அங்குலம், 12 அங்குலத் திரை. 14 அங்குலம் இருந்தால் வசதியான வீடு. இன்றைய டேப்லெட் அளவுத் திரையைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். படத்தைப் பெரிதாக்க, திரைக்கு முன்னால் திரவம் நிரப்பிய ஒரு பூதக்கண்ணாடியை மாட்டுவார்கள். நேர் எதிரே உட்கார்ந்தவருக்கு அது சரியாக வேலை செய்யும், பக்கவாட்டில் இருப்பவருக்கு முகமெல்லாம் கோணலாகத் தெரியும். படம் 405 வரிகளில், கறுப்பு வெள்ளையில் வரும். வெளிச்சம் குறைவு என்பதால் பட்டப்பகலில் ஜன்னல் திரைகளை இழுத்து மூடி அறையை இருட்டாக்குவார்கள். பெரியவர்கள் நாற்காலியில், பிள்ளைகள் முன்னால் தரையில். தேசிய கீதம் ஒலித்தபோது அந்த இருட்டறையிலேயே பெரியவர்கள் எழுந்து நின்றார்கள் என்றும் சிலர் எழுதியிருக்கிறார்கள்.

ஒளிபரப்பு காலை பத்தேகாலுக்கு ஆரம்பித்து ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஓடியது. அபேக்குள் நடந்தது முழுக்க முழுக்க ஒரு நீண்ட சர்ச் வழிபாடு. ரிச்சர்ட் டிம்பிள்பி தணிந்த குரலில் விளக்கிக்கொண்டே போனார். பெரியவர்களுக்கு நெகிழ்ச்சி, பிள்ளைகளுக்குக் கொட்டாவி.

படம் எட்ட இருந்தே காட்டியதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1937ல் எலிசபெத்தின் அப்பா ஆறாம் ஜார்ஜ் முடிசூடியபோது ஊர்வலத்தை டிவி காட்டியது. ஆனால் அபேக்குள் டிவி கேமராவை விடவில்லை. 1952 அக்டோபரில் இந்த முறையும் அப்படித்தான், முக்கியச் சடங்குகள் டிவிக்குக் கிடையாது என்று அறிவித்தார்கள். பிரதமர் சர்ச்சில், கேன்டர்பரி பேராயர் ஃபிஷர் எல்லாருமே டிவி வேண்டாம் என்ற பக்கம்தான். பத்திரிகைகள் கொந்தளித்தன. இத்தனைக்கும் அப்போதுதான் நாடு முழுக்க டிவி கோபுரங்கள் எழுந்துகொண்டிருந்தன, மக்கள் தவணைக்கும் வாடகைக்கும் பெட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். டிசம்பரில் முடிவு மாறியது. ஆனால் நிபந்தனைகள் வந்தன: ராணியின் முகத்தை நெருக்கத்தில் காட்டக் கூடாது, புனித எண்ணெய் பூசும் சடங்கையும் திருவிருந்தையும் காட்டவே கூடாது. எண்ணெய் பூசும் நேரத்தில் கேமரா வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. நெருக்கக் காட்சித் தடையை அபேக்குள் இயக்கிய பீட்டர் டிம்மாக் முழுதாக மதிக்கவில்லை என்பது தனிக்கதை. ரசிக்கும்படியான கதைதான். இருந்தாலும் 9 அங்குலத் திரையில் ஒரு குழந்தை கண்டது பெரும்பாலும் சாம்பல் நிறத்தில் நகரும் சின்ன உருவங்களைத்தான்.

எனக்கு இதைவிடச் சுவாரசியமாகப் படுவது வண்ணம். சிலர் நினைவுகளில் அந்த ஒளிபரப்பு பளிச்சென்று நிறங்களோடு வருகிறது. சிவப்பு அங்கி, தங்க வண்டி. கறுப்பு வெள்ளை டிவியில் ஏது தங்கம்? நார்மன் ஹார்ட்னெல் வடிவமைத்த ராணியின் வெள்ளை சாட்டின் கவுனில் காமன்வெல்த் நாடுகளின் சின்னங்களை வண்ண நூலில் தைத்திருந்தார்கள். இந்தியாவுக்கும் அன்றைய சிலோனுக்கும் தாமரை. டிவியில் பார்த்த யாருக்கும் அந்த வண்ணங்கள் தெரிந்திருக்காது.

அந்த நிறங்கள் வேறு இடங்களிலிருந்து வந்தவை. விழா முடிந்த சில நாட்களிலேயே 'எ குவீன் இஸ் கிரவுன்ட்' என்ற டெக்னிக்கலர் ஆவணப்படம் லாரன்ஸ் ஒலிவியர் குரலில் திரையரங்குகளுக்கு வந்தது. பல பள்ளிகள் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிப்போய்க் காட்டின. லெஸ்னி கம்பெனி விற்ற குட்டி முடிசூட்டு வண்டி பொம்மை பத்து லட்சத்துக்கும் மேல் போனது. டிவியில் ஒரு முறை, கொட்டகையில் ஒரு முறை, பொம்மையாகக் கையில் பல மாதம். வருஷங்கள் போகப்போக எல்லாம் கலந்து ஒரே ஜூன் மாதக் காலையாக ஆகிவிட்டது. இதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஞாபகம் அப்படித்தான் சேர்த்துவைக்கும்.

ஆனால் 1953 பற்றிய நினைவுக் குறிப்புகளைச் சான்றாக எடுத்து ஏதாவது எழுதப்போகிறவர்கள் இதைப் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும். தங்க வண்டி மின்னியதாக ஒருவர் எழுதினால், அவர் தெருவோரம் மழையில் நின்றாரா, கொட்டகையில் பார்த்தாரா என்று கேட்கலாம். பெட்டியை அணைத்ததும் படம் சுருங்கி, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாகி, கொஞ்ச நேரம் நின்று மறைந்தது என்று எழுதியிருந்தால் கேட்கவே வேண்டாம், டிவியேதான்.